மிச்சப் பெயிண்ட்டும் ஒரு நீலப் புள்ளியும்

1

சித்தியின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலை வார முடியாது. கொடியில் துணி உலர்த்த முடியாது. தூக்கத்தில் தெரியாமல் அந்தப் பக்கம் புரண்டுவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, யாரையென்று இல்லாமல் பொதுவாகத் திட்டுவாள். சித்தி பெயிண்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அடுத்தவர் வீட்டு மேற்கூரைகளில் ரோலர் தள்ளிய தோள் அது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தோளிலிருந்து வந்தது. “கை வலிக்குது, நீ எழுது” என்று என் அம்மாவின் தங்கையான அவள் என்னிடம் ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் கல் சுமந்தவர் உண்டு, சாரம் கட்டியவர் உண்டு, கட்டிய சாரத்திலிருந்து விழுந்தவரும் உண்டு. எழுதுகிற ஆள் நான் ஒருத்தன்தான். எழுதினேன். நகர அலுவலகத்தில் மனு வாங்குகிறவர் முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது கதை மாதிரி இருக்கு. மனு மாதிரி எழுதிட்டு வாங்க.”

மறுநாள் மனு மாதிரி எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். கதை மாதிரி இருந்த பக்கங்கள் என் கையில் மிஞ்சிவிட்டன. மிஞ்சியதைக் குப்பையில் போடுகிற குடும்பமில்லை எங்களுடையது.

சரி. கதையாகவே இருக்கட்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

பழைய நகரின் குறுகலான தெருக்களில் காலை வெயில் பொன்னாக உருகி—

வேண்டாம். அந்தத் தெருவில் வெயில் விழாது. மதியத்தில் கொஞ்ச நேரம் நடுத்தெருவில் ஒரு கோடு கிடக்கும், அவ்வளவுதான். தவிர, பொன் என்று எழுதினால் அதைப் படித்துவிட்டு எவனாவது வாடகையை ஏற்றுவான்.

இரண்டாவது தொடக்கம்:

நகரங்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும். அது இயற்கை—

இயற்கையாம். மழை பெய்வது இயற்கை. பல் விழுவது இயற்கை. ஒரு குடும்பத்தின் பாத்திரங்கள் தெருவுக்கு வருவது இயற்கை என்றால், அவற்றைத் தூக்கி வெளியே வைக்கிற கை யாருடையது? இதை எழுதியபோது எனக்கே என் மேல் கோபம் வந்தது. அந்த வாக்கியத்தை எங்கேயோ படித்திருக்கிறேன். அது என்னுடையது இல்லை.

மூன்றாவது, சித்தி தன் வாயால் சொன்னது:

“எங்க வாசல்ல நின்னு கண்டவன்லாம் போட்டோ எடுத்தான். எரிச்சல்ல நான் பெயிண்ட் அடிச்சேன். அதுக்காக எங்க வீட்ட புடுங்குறாங்க.”

மூன்று வாக்கியம். கதை முடிந்தது. இனி வருவதெல்லாம் விளக்கம்தான்; அவசரமுள்ளவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

3

வீடு எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டும். தெருவை ஒட்டி நேராகச் சுவர், சுவரில் ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே நீளவாக்கில் இரண்டு அறை, கடைசியில் சமையல் இடம். மாடியில் யாரும் இல்லை. வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கிறார். சித்தியும் சித்தப்பாவும் வாடகைக்கு வந்தபோது இடதுபக்கம் பூட்டு, கீல், ஆணி விற்கிற கடை. வலதுபக்கம் தையல்காரர்கள் நாலு பேர் வாடகையைப் பங்குபோட்டு இருந்த வீடு. இப்போது இடதுபக்கம் காப்பிக் கடை, ஒரு கோப்பை சித்தியின் அரை நாள் கூலி. வலதுபக்கம் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி. இரண்டுக்கும் பெயிண்ட் அடித்தது சித்திதான். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வேலை வந்தது, செய்தாள். வருத்தப்பட்டிருந்தால் வேறொருத்தி செய்திருப்பாள்.

நடுவில் இவர்கள் வீட்டுச் சுவர். சுண்ணாம்பு உரிந்து, அதற்கடியில் பழைய நீலம், அதற்கடியில் அதைவிடப் பழைய மஞ்சள், அதற்கடியில் செங்கல். வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். “பாக்கலாம் தங்கச்சி” என்பார். தங்கச்சி என்று அவர் ஆரம்பித்தாலே ஒன்றும் நடக்காது என்று அர்த்தம்.

அந்த உரிந்த சுவர் அழகாம். விடுதிக்கு வந்தவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு காப்பி குடிக்க வந்தவர்கள். அப்புறம் போட்டோ எடுப்பதற்கென்றே வந்தவர்கள். ஜோடி ஜோடியாகச் சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடக்கிச் சுவரில் பதித்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சித்தி குப்பை வாளியோடு கதவைத் திறப்பாள்.

“அக்கா, கொஞ்சம் உள்ள போறீங்களா? ஃப்ரேம்ல வர்றீங்க.”

“இது என் வாசல்மா.”

“தெரியும்க்கா. ஒண்ணே ஒண்ணு. லைட் போயிடும்.”

உள்ளேயிருந்து சித்தப்பா குரல் கொடுப்பார். அவர் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். மூட்டை தூக்காத நேரத்தில் வாய் சும்மா இருக்காது. “ஏய், டிக்கெட் போட்ரலாம்டி. பெரியவங்களுக்கு ஒரு ரேட்டு, கால மடக்குறவனுக்கு டபுள்.”

சித்தி சிரிக்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து களைத்து வந்து, தன் கதவைத் திறக்க, வரிசையில் நிற்கவேண்டி வந்தது. எண்ணிப் பாருங்கள். தன் கதவு. வரிசை. முன்னால் நின்ற பையன் திரும்பி, “ஆன்ட்டி, நீங்களும் போட்டோவா?” என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சுவருக்குப் பெயிண்ட் அடித்தாள்.

4

இந்த இடத்தில் பெயிண்டர்களின் ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். மொத்தக் கதையும் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு வீடு அடித்து முடித்தால் வாளியின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அது அடித்தவருக்கு. யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். சித்தியின் சமையல் இடத்தில் அப்படி மிஞ்சியவை வரிசையாக நிற்கும். ஒரு டாக்டர் வீட்டுப் பச்சை, ஒரு பள்ளிக்கூடத்து மஞ்சள், யாரோ குழந்தை அறைக்குக் கேட்டுப் பிறகு பிடிக்கவில்லை என்று விட்ட ரோஜா நிறம். எதுவும் தனியாக ஒரு சுவருக்குப் போதாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்குவார்கள். எந்த நிறத்தோடு எந்த நிறத்தைக் கலக்கினாலும் வாளி நிறைகிறபோது கடைசியில் வருவது ஒரே நிறம்தான். சேறு தோய்ந்த ஒரு சாம்பல். பெயிண்டர் வீடுகள், மேஸ்திரி வீடுகள், கக்கூஸ் உள்சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்தச் சாம்பலில்தான் இருக்கும். “மிச்சக் கலர்” என்போம். நான் வளர்ந்த வீடும் மிச்சக் கலர்தான்.

சித்தி அதைத்தான் அடித்தாள், அசிங்கமாக இருக்கட்டும் என்றே. உரிந்த குழிகளில் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, இரண்டு கோட்டு. வேலையைக் குறையாகச் செய்ய அவளுக்கு வராது. நிறம்தான் அசிங்கம், பூச்சு சுத்தம். மறுநாளிலிருந்து போட்டோக்காரர்கள் வரவில்லை. சித்தப்பா கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று. எனக்கும் தெரியாது. நகரத்தில் பணமுள்ள இடங்களுக்கெல்லாம் அந்த வருஷம் பிடித்துப்போன நிறம் சாம்பல். சேறு தோய்ந்த, சற்றே பச்சையோடிய, பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போன்ற சாம்பல். கம்பெனியின் கலர் அட்டையில் அதற்கு “மழைக்கு முந்தைய மௌனம்” என்று பெயர். வாளிக்கு வாளி விலை வைத்து விற்கிறார்கள். எங்கள் கக்கூஸ் நிறத்தை.

5

*(ஒரு சொல்லைப் பற்றி. பிடிக்காதவர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.)*

பழைய நகரப் பகுதியில் காசுள்ளவர்கள் வந்து இறங்க, காசில்லாதவர்கள் கிளம்ப வேண்டிவருகிறதே, அதற்குத் தமிழில் பல சொற்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். நகர அலுவலக அறிக்கையில் இருந்த சொல் “மேற்குடியாக்கம்”. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் நான் அதைப் படித்துக் காட்டினேன்.

“மேல்குடியா?” என்றார் சித்தப்பா. “நமக்கு மேல யாருடா குடி? எலிதான்.”

“அதில்ல சித்தப்பா. மேல் தட்டு ஆளுங்க—”

“மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் குடிச்சா குடிதான்.”

சிரித்துவிட்டு விட்டுவிடலாம். எனக்கு விட மனமில்லை. ஆக்கம் என்று முடிகிற சொல்லில் குற்றவாளி இருப்பதில்லை. ஏதோ நல்ல காரியம் நடந்தமாதிரி இருக்கும். அந்த அறிக்கையோடு வீடுவீடாகப் புள்ளி வைத்த ஒரு நகர வரைபடமும் இருந்தது; அதன் ஓரத்தில் நிறங்களுக்கு விளக்கம் போட்டிருந்தார்கள். நீலம் என்றால் “அசல் குடியினர் வெளியேறினர்.” பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை சொல்லிக்கொடுத்தார்களே, ஞாபகமிருக்கிறதா? ஏறினான், ஏற்றினான். வெளியேறினர், வெளியேற்றினர். நடுவில் ஒரே ஒரு ற். அந்த ஒற்றைப் போட்டால் உடனே கேள்வி வரும்: யார் வெளியேற்றினார்கள்? போடாவிட்டால் அவர்களாகவே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, போய்விட்டார்கள். ஒரு எழுத்தை விழுங்கி ஒரு தெருவையே காலி செய்யலாம்.

6

வரைபடம் எப்படி வேலை செய்தது என்பதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

தலையில் கேமரா வைத்த ஒரு வண்டி எல்லாத் தெருக்களிலும் ஊர்ந்து போகும். ஒவ்வொரு வீட்டு முகப்பையும் படமெடுக்கும். சில வருஷம் கழித்து மறுபடி எடுக்கும். கணினி இரண்டையும் ஒப்பிடும். கண்ணாடிக் கதவு வந்திருக்கிறதா, புது விளக்கு வந்திருக்கிறதா, என்ன நிறம் அடித்திருக்கிறார்கள். மாறிய வீடுகளை மனிதர்கள் முதலில் கணினிக்கு அடையாளம் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் சாம்பல். கணினி நல்ல மாணவன். சாம்பலைக் கண்டால் பணம் என்று கற்றுக்கொண்டது.

மாறிவிட்ட வீட்டுக்கு நீலப் புள்ளி. இன்னும் மாறாத, ஆபத்திலிருக்கும் வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி. நகர மன்றம் இதை வைத்து ஒரு நல்ல சட்டம் போட்டது. கோபத்தில் இருந்தாலும் நல்லதை நல்லது என்றுதான் சொல்லவேண்டும். சிவப்புப் புள்ளி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களை ஐந்து வருஷத்துக்குக் கிளப்பக் கூடாது. நீலப் புள்ளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏன் இல்லை? நீல வீட்டிலிருந்துதான் ஏழைகள் ஏற்கெனவே போய்விட்டார்களே. போனவர்களை எப்படிக் கிளப்ப முடியும்?

தெருக்கோடியில் இருக்கும் வாடகை வீடுகளெல்லாம் சிவப்பு. சித்தி வீடு நீலம்.

வரைபடம் வெளியான வாரமே வீட்டுக்காரர் வந்தார். வாசலில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தார்.

“நல்லா அடிச்சிருக்க தங்கச்சி.”

“நீங்க அடிச்சிருக்கணும்.”

“அதான் நீயே அடிச்சிட்டியே.” போனை எடுத்து வரைபடத்தைக் காட்டினார். “பாரு. நானா சொல்றேன்? கவர்மென்ட் சொல்லுது. இந்த வீட்ல நீங்க இல்ல.”

சித்தப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “அப்ப இத்தன நாளா வாடக குடுத்தது பேயா?”

“அண்ணே, பேச்சுக்குப் பேச்சு வேண்டாம். விடுதிக்காரங்க சுவர உடைச்சு இத சேத்துக்கறாங்களாம். இந்த மாசம் முடியட்டும்.”

தெரு முழுக்கத் தெரிந்த விஷயம், எல்லாருடைய கண்ணும் பார்த்த விஷயம், ஒரு புள்ளியின் முன்னால் பொய்யாகிவிட்டது. இந்த மாசம் முடியட்டும். அதற்குள் அந்தப் புள்ளி சிவப்பாக வேண்டும். அதற்குத்தான் மனு.

7

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் உள்ளே வரவேண்டும். அவளிடம் நான் மிகவும் சிரமப்பட்டேன்.

வரைபடத்தைச் செய்தவர்களில் ஒருத்தி. சித்தி வைத்த பெயர் புள்ளிக்காரி. முதலில் நான் எழுதியது இப்படி: *குளிர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூக்கைச் சுளித்தபடி அவள் தெருவில் இறங்கி—* பொய். குளிர் கண்ணாடி இல்லை. மூக்கைச் சுளிக்கவும் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம். நீங்களும் நிம்மதியாக வெறுத்திருப்பீர்கள். மனுவைப் பார்த்துவிட்டு, யாரும் அனுப்பாமல், தானாக வந்தாள். வேர்த்துப் போய் நின்றாள். அவளும் வாடகை வீடுதான், வாடகை கட்டாமல் இரண்டு முறை வீடு மாறியவள்தான்—

(திருத்தம்: வாடகை *கட்டுப்படியாகாமல்*. ‘கட்டாமல்’ என்று எழுதியது என் கோபம்.)

“வாம்மா,” என்றாள் சித்தி. “போயிட்டவங்க வீட்டுக்கு வந்திருக்க. உக்காரு.”

புள்ளிக்காரி உட்காரவில்லை. “மூணு தடவ ஆள் அனுப்பிச் சரிபார்த்திருக்கோம்மா. மூணு தடவையும் பூட்டியிருக்குன்னு குறிச்சிருக்காங்க.”

“எப்ப வந்தாங்க?”

“வேலை நாள்தான். பதினொண்ணு, பன்னெண்டு மணி வாக்குல.”

“அந்நேரம் நான் எங்க இருப்பேன்? சாரத்துல இருப்பேன். இவரு மூட்டையோட இருப்பாரு.”

“வேல நேரத்துல வேலைக்குப் போயிருக்கோம்டி,” என்றார் சித்தப்பா. “பெரிய தப்பு. மன்னிப்புக் கேளு.”

அவள் முகம் சிவந்தது. கையிலிருந்த திரையில் அந்த வீட்டைத் தொட்டாள். நீலம். சித்தி குனிந்து பார்த்தாள். பிறகு சமையல் இடத்துக்குக் கூட்டிப்போய் வாளிகளைக் காட்டினாள். பச்சை, மஞ்சள், ரோஜா. “இத்தனையும் சேந்ததுதான் அந்தக் கலரு. கடையில வாங்கினதில்ல.”

“புரியுதும்மா. நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி.”

“சரின்னா மாத்து.”

புள்ளிக்காரி திரையை அணைத்தாள். “ஒரு புள்ளிய கையால மாத்தினோம்னு தெரிஞ்சா, வீட்டுக்காரங்க சங்கம் கோர்ட்டுக்குப் போயிரும். மேப்பே இஷ்டத்துக்குப் போட்டதுன்னு சொல்வாங்க. அப்ப சிவப்பு வீட்ல இருக்கிறவங்களுக்கும் பாதுகாப்பு போயிரும். நானூறு வீடும்மா.”

“நானூறு வீட்டுக்காக நான் போகணுமா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“நீ சொல்லல. புள்ளி சொல்லுது.”

இந்த உரையாடலை எத்தனையோ தடவை மாற்றி எழுதிப் பார்த்தேன். புள்ளிக்காரியை மடக்க ஒரு பதில் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அவள் சொன்னதும் உண்மை. அதுதான் எனக்கு ஆத்திரம். யாரும் கெட்டவர் இல்லாமல், ஆளுக்கொரு நியாயத்தோடு, நாலு பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தைத் தெருவில் இறக்க முடிகிறது.

போகும்போது வாசலில் நின்று அவள் மெதுவாகச் சொன்னாள்: “மனு வந்த தெருவுக்கெல்லாம் அடுத்த வாரம் வண்டி மறுபடி வருது. கணினியே சிவப்புன்னு சொல்லிட்டா, யாரும் கேள்வி கேக்க முடியாது.” சுவரைப் பார்த்தாள். “சுவர் பழையபடி இருந்தா…”

முடிக்காமல் போய்விட்டாள். இந்த முடியாத வாக்கியம் என்னுடையது இல்லை, அவளுடையது.

8

இனி முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: சித்தி உப்புத்தாளும் சுரண்டியும் எடுத்துத் தன் கையால் அடித்த சுவரைத் தானே சுரண்டுகிறாள். வலி. கண்ணீர். பழைய நீலமும் மஞ்சளும் வெளியே வருகின்றன. கணினி ஏமாறுகிறது. சிவப்பு.

படித்துக் காட்டினேன். சித்தப்பாவுக்குப் பிடித்தது. “நானே தேய்க்கிறேன், குடு,” என்று எழுந்துவிட்டார்.

“உக்காருங்க,” என்றாள் சித்தி. “அந்தக் காப்பிக் கட உள்சுவர் எப்படி இருக்குன்னு பாத்திருக்கீங்களா? புதுசா அடிச்சு, காய வெச்சு, அப்புறம் பழசு மாதிரி தெரிய நான்தான் சுரண்டிக் குடுத்தேன். அடிக்கிற கூலிய விட சுரண்டுற கூலி ஜாஸ்தி. நாம சுரண்டினா நம்ம வீடு இன்னும் பணக்கார வீடாத்தான் தெரியும்.” என்னைப் பார்த்தாள். “அதோட, நான் ஏன்டா என் சுவர கெடுக்கணும்? நல்லா இருக்கிறதுக்கா எனக்கு தண்டன?”

இரண்டாம் முடிவு: புள்ளிக்காரி மனசாட்சி உறுத்தி, யாருக்கும் தெரியாமல் அந்த ஒரு புள்ளியை மட்டும்—

“அந்தப் பொண்ணு வேல போயிரும்,” என்றாள் சித்தி. “அது வேண்டாம்.”

மூன்றாம் முடிவு: வீட்டுக்காரர் மனம் திருந்தி

(சித்தப்பா இந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் நான் பேனாவை மூடிவிட்டேன்.)

9

நடந்ததைச் சொல்கிறேன்.

“கேமரா கண்ணுல என்ன படுதோ அதத்தான் நம்பும், இல்ல?” என்று கேட்டாள் சித்தி. “அப்ப நாங்களே படுறோம்.”

வண்டி வருகிற அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. சித்தப்பாவும் போகவில்லை. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சுவர் ஓரமாக வைத்தார்கள். பாய், அடுப்பு, பெயிண்ட் வாளிகள், கால் ஒடிந்து கயிறு சுற்றிய ஸ்டூல். ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொண்டிக்குக் கொடி கட்டித் துணிகளைப் போட்டேன், போர்வைகளையும் உள்பாவாடைகளையும் கூடத்தான். நடுவில் இரண்டு நாற்காலி. சித்தப்பா இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை நனைத்து வாரிக்கொண்டு உட்கார்ந்தார்.

“சிரிக்கணுமாடி?”

“சிரிக்காதீங்க. பணக்காரன்னு நெனச்சுக்கும்.”

விடுதியிலிருந்து வந்த ஒருவர் நின்று, சாமான்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது ஏதாவது கண்காட்சியா?” என்று என்னிடம் விசாரித்தார். எனக்கு வாயில் வந்ததை எழுத முடியாது. சித்தி முந்திக்கொண்டாள்: “ஆமாங்க. நாங்கதான் பொருளு. தொடாதீங்க.”

பிற்பகலில் வண்டி வந்தது. தலையில் உருண்டையாக ஒரு கேமரா. ஓட்டியவர் எங்களைப் போலத்தான் இருந்தார், ஒரு கையில் ரொட்டித் துண்டு. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். சித்தி கையாட்டவில்லை. நிமிர்ந்து, தாடையை இறுக்கி, நேராக அந்த உருண்டையைப் பார்த்தாள். நான் இதற்குமுன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம். வண்டி காப்பிக் கடையைத் தாண்டித் திரும்பிவிட்டது.

“பட்டிருப்போமா?” என்றார் சித்தப்பா.

“படாம? இவ்வளவு கிட்ட போச்சு.”

அடுத்த வாரம் புள்ளிக்காரி வந்தாள். அவள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. நீலம். முன்பைவிட உறுதியான நீலம் என்றாள். கணினி இந்தத் தடவை சந்தேகமே படவில்லையாம்.

“நாங்க உக்காந்திருந்தோமே,” என்றாள் சித்தி. “போட்டோவ காட்டு.”

அவள் காட்டத் தயங்கினாள். பிறகு காட்டினாள்.

படத்தில் சுவர் இருந்தது. கதவு, ஜன்னல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சாம்பல். நாற்காலி இல்லை. கொடி இல்லை. அடுப்பு இல்லை. சித்தி இல்லை. சித்தப்பா இல்லை.

“முதல் வேலையா ஆளுங்கள எடுத்துரும்மா,” என்றாள் புள்ளிக்காரி, தரையைப் பார்த்தபடி. “ஆளு, வண்டி, துணி, சாமான் எல்லாம். அவங்க அந்தரங்கத்தக் காப்பாத்தணும்னு ஒரு விதி. தவிர, சுவர் மறைக்காம தெரியணும். எடுத்த இடத்துல சுவர் எப்படி இருந்திருக்கும்னு அதுவே நிரப்பிக்கும்.”

சித்தி திரையை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடினாள். வேலை முடித்த சுவரை வீட்டுச் சொந்தக்காரர் வருமுன் சோதிப்பதுபோல, திரையை வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஓரக்கண்ணால், ஒட்டு எங்காவது தெரிகிறதா, ரோலர் நின்ற கோடு எங்காவது விழுந்திருக்கிறதா என்று நீண்ட நேரம் பார்த்தாள்.

“நல்லா அடிச்சிருக்கான்,” என்றாள். “நான்கூட இவ்வளவு சுத்தமா அடிச்சதில்ல.”



10

மாசம் இன்னும் முடியவில்லை. முடிவை நான் எழுதமாட்டேன். சோகமாக எழுதினால் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடுவீர்கள். நல்லபடியாக எழுதினால் நிம்மதியாகத் தூங்குவீர்கள். இரண்டுக்கும் நான் கூலியாள் இல்லை. இத்தனை பக்கத்தில் அவர்களை உட்காரவைத்திருக்கிறேன். இங்கிருந்து அவர்களை எடுத்துவிட்டுச் சுவரை நிரப்புகிற வேலையையும் நானே செய்யமாட்டேன்.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே போய்ப் பாருங்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரில் பழைய தெரு இருக்கும், அங்கே காப்பிக் கடைக்கும் விடுதிக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும். இருட்டியபிறகு போங்கள், பகலில் ஆள் இருக்காது. கதவைத் தட்டுங்கள். யார் திறக்கிறார்களோ அதுதான் முடிவு.

நான் பாக்கியை மட்டும் எழுதிவைக்கிறேன். நகர அலுவலகம் என் சித்திக்குத் தரவேண்டியது: சிவப்புப் புள்ளி, ஒன்று. இதை எழுதும் இன்றுவரை தரவில்லை.